முன்பாக்கி

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் தினமும் ஓர் இடத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம் வரும். அப்பா கடையை அடைத்துவிட்டு வர ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். கைகால் கழுவி, பாயை விரித்து, ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், அம்மாவின் நீண்ட ஜெபம், கடைசியில் எல்லோருமாக இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். நானும் தங்கையும் பாதித் தூக்கத்தில் இருப்போம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" வரைக்கும் நாலு குரலும் ஒன்றாகப் போகும். அடுத்த வரியில் பிரிந்துவிடும். அம்மாவும் நாங்களும் கோயிலில் சொல்கிற மாதிரி "எங்களுக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்கிறவர்களுக்கு" என்று ஆரம்பிப்போம். அப்பா "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று சட்டென்று முடித்துவிட்டு, நாங்கள் வந்து சேரும்வரை காத்திருப்பார். சோதனைக்குட்படப்பண்ணாமல் என்ற இடத்தில் மறுபடி எல்லோரும் ஒன்று சேர்ந்துகொள்வோம்.

ஏன் அவர் மட்டும் மாற்றிச் சொல்கிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

"மத்தேயுல அப்படித்தாம்ல போட்டிருக்கு."

எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. அப்போ கோயிலில் சொல்வது தப்பா?

"தப்பெல்லாம் இல்ல. நான் கடைக்காரன். எனக்கு இதுதான் வெளங்குது."

பிற்பாடு தேடிப் படித்ததில் இந்தக் குழப்பம் எங்கள் வீட்டுப் பாயில் ஆரம்பித்ததல்ல என்று தெரிந்தது. இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான், ஹோபா. மத்தேயு அதைக் கிரேக்கத்தில் கடன் என்றே எழுதினார். லூக்கா முதல் பாதியில் பாவம் என்று மாற்றி, அடுத்த பாதியில் "எங்களிடத்தில் கடன்பட்ட எவனுக்கும்" என்று கடனை விட்டுவைத்தார். ஆங்கிலத்தில் டின்டேல் 1526-இல் மத்தேயுவுக்கே குற்றம் என்ற பொருள்பட மொழிபெயர்த்தார், 1549-இன் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமும் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டது. 1611-இன் வேதாகமம் கடனுக்குத் திரும்பினாலும், ஜனங்களின் வாயில் குற்றம்தான் நின்றுவிட்டது. திருநெல்வேலிச் சீமைச் சபைகள் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற மிஷனரிச் சங்கங்களால் ஆங்கிலிக்கன் வழி வந்தவை. அதனால் கோயிலில் குற்றம், வேதாகமத்தில் கடன். மணப்பாட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கத்தோலிக்கச் சிநேகிதர்களைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: "தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்." எனக்கு இந்தப் பொறுத்தல் மிகவும் பிடிக்கும். பொறுத்தல் என்றால் சுமத்தலும்தானே.

எங்கள் ஊர் தேரி மணல் ஓரத்தில் இருக்கிறது. மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே தெரியும். அப்பாவுடையது பலசரக்குக் கடை. ஒரு மேசைத் தராசு, படிக்கல் வரிசை, மேலே தொங்கும் நூல்கண்டு, பழைய பேப்பர் கட்டு. தராசுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் வசனம் எழுதி மாட்டியிருந்தார்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." வசனப் பலகைகளை எல்லாரும் வாடிக்கையாளர் பார்க்கிற மாதிரித்தான் மாட்டுவார்கள். அப்பா தன்னைப் பார்த்து மாட்டியிருந்தார். வெளியே நிற்கிறவனுக்குப் பலகையின் முதுகுதான் தெரியும்.

ஆனால் கடையில் முக்கியமான சாமான் தராசு இல்லை, பற்று நோட்டுதான். சிவப்புத் துணி பைண்டிங், நீள வாக்கில் மடிக்கிற நோட்டு. ஊரில் பாதிப் பேருக்கு அதில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. பனையேற்றக் குடும்பங்களுக்குப் பதநீர் இறங்கும் மாதங்களில்தான் கையில் காசு. மற்ற மாதங்களில் அரிசியும் மிளகாயும் மண்ணெண்ணெயும் நோட்டில் ஏறும். கருப்பட்டி விற்றதும் இறங்கும். இறங்காமலே நின்றுவிடுகிற பக்கங்களும் உண்டு.

மற்ற வியாபாரிகள் சித்திரை ஒன்றுக்கோ சரஸ்வதி பூஜைக்கோ புதுக்கணக்கு போடுவார்கள். அப்பா டிசம்பர் 31 ராத்திரி, வருஷக் கடைசி ஆராதனைக்குப் போவதற்கு முன்னால் போடுவார். புது நோட்டின் முதல் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை. பிறகு பழைய நோட்டிலிருந்து ஒவ்வொரு பேராக எடுத்து எழுதி, நேரே முன்பாக்கி என்று தொகை போடுவார். சில பேர்களுக்கு முன்பாக்கி போடமாட்டார். பேர் மட்டும் இருக்கும், தொகை இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அவ்வளவுதான். யாரிடமும் சொல்வதில்லை, அம்மாவிடம்கூட. நோட்டைக் கல்லாவில் வைத்துப் பூட்டிவிட்டு வேட்டி மாற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்.

அவரை மகான் ஆக்கிவிடக்கூடாது. மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஒன்றரை வருஷம் இழுத்தடித்தபோது பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் பார்க்க நிற்கவைத்து அப்பா கேட்ட கேள்விகள் எழுதக்கூடியவை அல்ல. வீட்டுக்கு வந்து அம்மா வருத்தப்பட்டபோது ஒரே வரிதான் சொன்னார்: "இல்லாம குடுக்காதவன் வேற, இருந்து குடுக்காதவன் வேற." அந்தச் சம்பளக்காரர் பேருக்கு நேரே முன்பாக்கி ஒரு வருஷமும் தப்பியதில்லை.

இந்த வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது. 1991-இல் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். பாலிடெக்னிக் கட்டணத்துக்குப் பணம் புரட்ட அப்பா அலைந்துகொண்டிருந்தார். ஒரு மத்தியானம் பரணில் பழைய நோட்டு கிடைத்தது. அதையும் புது நோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, அப்பா எடுத்து எழுத மறந்துவிட்ட பாக்கிகளையெல்லாம் கண்டுபிடித்தேன். மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மொத்தம் 2,340 ரூபாய். கணக்கில் நான் புலி என்ற பெருமை வேறு. ஒரு துண்டுச் சீட்டில் பேர்களை எழுதிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

முதல் வீடு, பனையிலிருந்து விழுந்து இடுப்பு போன ஒருவருடையது. அவர் திண்ணையில் படுத்திருந்தார். அவர் மனைவி, அந்த அக்கா, முற்றத்தில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று பொய் சொன்னேன். 186 ரூபாய். அந்த அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஒரு பித்தளைக் குத்துப்போணியைக் கொண்டுவந்து தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, முந்தானையால் துடைத்து நீட்டினார். "இத வச்சிக்கிடச் சொல்லு. ஆடிக்குள்ள மீட்டுக்கிடுதோம்." கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். ஈரம் முதுகில் பட்டது ஞாபகம் இருக்கிறது.

ராத்திரி அப்பா வந்து அதைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். சாப்பிடக்கூட உட்காராமல் போணியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். அந்த வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. அப்பா படலைத் தட்டவில்லை. திண்ணை ஓரத்தில் சத்தமில்லாமல் போணியை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். வழியில் பாதி தூரம் ஒன்றும் பேசவில்லை.

"அவ இனிமே நம்ம கடைக்கு வரமாட்டால்ல" என்றார் அப்புறம். "காசு போனா போவுது. ஆளு போயிட்டு பாரு."

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். மன்னிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மணல் பாதையில் தெரிந்துகொண்டதுதான். கடன் வாங்கியவர் கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிடுவார். நேர்வழி இருக்கச் சுற்றுவழியில் போவார். அடுத்த தெருக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குவார், ஆனால் நம் கடைக்கு வரமாட்டார், ஏனென்றால் நம் முகம்தான் அவருக்குக் கடன் நோட்டு. அப்பா முன்பாக்கியை விட்டதில் இரக்கம் பாதி, வியாபார புத்தி பாதி. இரண்டையும் பிரிக்க என்னால் முடிந்ததில்லை, அவராலும் முடிந்திருக்காது. முன்பாக்கி விட்ட வீடுகளுக்கு ஜனவரி முதல் வாரத்தில் என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புவார். கால் கிலோ கருப்பட்டி, கொஞ்சம் சுக்கு. "அப்பா குடுத்துவிட்டாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்பது உத்தரவு. அந்த வாரமே அந்த வீட்டுப் பிள்ளை எண்ணெய்க் குப்பியோடு கடைக்கு வந்து நிற்கும். குத்துப்போணி வீட்டுக்கு அப்பா மூன்று பொட்டலம் அனுப்பினார், ஒவ்வொன்றும் வேறு ஆள் கையில். அந்த அக்கா திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆனது.

கோயிலில் கடனைப் பற்றிப் பேச்சு வராமல் இல்லை. வருஷப் பிறப்பு வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் பேர் ஆசைப்படுகிற வசனம் எது என்று கேட்டால் நான் உபாகமம் 28 என்பேன்: "நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன்கொடுப்பாய், நீயோ கடன்வாங்காதிருப்பாய்." ஆமென் பலமாக விழும். கொடுத்த கடன் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்பது அதே புத்தகத்தில் பதின்மூன்று அதிகாரம் முன்னால் இருக்கிறது. ஏழாம் வருஷம் முடிந்தால் கடனை விட்டுவிட வேண்டும். அந்த அதிகாரத்தை அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை. விடுதலை வருஷம் கிட்ட வருகிறதே என்று கொடுக்காமல் இருக்காதே என்ற எச்சரிக்கையும் அங்கேயே உண்டு, மோசேக்கு மனுஷரைத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான். இயேசுவுக்குக் கொஞ்சம் முந்திய யூத போதகர் ஹில்லேல், ஏழாம் வருஷம் நெருங்கும்போது யாரும் ஏழைகளுக்குக் கடன் தர மறுப்பதைப் பார்த்து, கடனை நீதிமன்றத்தின் பேரில் மாற்றி எழுதிவைத்தால் அது அழியாது என்று ஒரு வழி செய்தார். புரோஸ்பூல் என்று அதற்குப் பேர். ஏழையின் நன்மைக்காகவே ஏழையின் விடுதலையைச் சுற்றிப் போகிற சட்டம். அப்பாவுக்கு இதைப் படித்துச் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார். "அந்த மனுசனும் கடை வச்சிருந்திருப்பாருல."

அப்பா 2008-இல் போய்ச் சேர்ந்தார். நான் சென்னைக்கு வந்து வருஷம் நிறைய ஆகிவிட்டது. கடை இல்லை, நோட்டு இல்லை, மாதச் சம்பளம். கடனை மன்னிப்பது பற்றி இனி யோசிக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

எங்கள் சபைப் பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நின்று பேஸ் என்கிற அடிக்குரலில் பாடுகிற தம்பி ஒருவன். 2019-இல் மனைவியின் பிரசவத்தில் சிக்கல், ஆஸ்பத்திரியில் கட்டவேண்டும் என்று 50,000 கேட்டான். கொடுத்தேன். மூன்று மாதத்தில் 5,000 வந்தது. அப்புறம் கொரோனா, அச்சகத்தில் வேலை போனது. சரி, பாவம் என்று விட்டேன். 2022-இல் நல்ல வேலை கிடைத்தது. பணம் வரவில்லை. அவன் முதல் ஆராதனையிலிருந்து இரண்டாவது ஆராதனைக்கு மாறிக்கொண்டான். பாடகர் குழுவிலிருந்தும் நின்றுவிட்டான். சுற்றுவழி.

நான் என்ன செய்தேன் என்று உள்ளபடி சொல்கிறேன். தினமும் அவனுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். கொடைக்கானல் ஏரியில் குடும்பத்தோடு படகில் போகிற படம் வந்த அன்று, படகுக்கு எவ்வளவு, ரூமுக்கு எவ்வளவு, பெட்ரோலுக்கு எவ்வளவு என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குப் புது சைக்கிள் வாங்கிய படத்தில் சைக்கிளின் பிராண்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் போனில் நோட்ஸ் என்ற இடத்தில் அவன் பேர், நேரே 45,000. டிசம்பர் வந்தால் அப்பா ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்கு எடுத்து எழுதவேண்டும், எழுதும்போது யோசிக்கவேண்டி வரும். போனில் அந்த வேலையே இல்லை. முன்பாக்கி தானாகவே அடுத்த வருஷத்துக்குப் போய்விடுகிறது.

ஒரு ஞாயிறு எனக்கு நேரமாகிவிட்டதால் இரண்டாவது ஆராதனைக்குப் போனேன். திருவிருந்து ஞாயிறு, அப்பமும் ரசமும் வாங்குகிற நாள். அவசரத்தில் கிடைத்த பெஞ்சில் உட்கார்ந்தேன். தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து முறைமை 1950-இல் வந்தபோது, பழைய சிரியன் சபைகளின் வழக்கத்தை ஒட்டி ஒன்றைச் சேர்த்தார்கள்: சமாதானத்தைக் கைக்குக் கை கடத்துவது. குருவானவர் பீடத்திலிருந்து ஆரம்பிப்பார், அது பெஞ்சு பெஞ்சாக இறங்கி வரும். பக்கத்திலிருப்பவரின் வலக்கையை நம் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கிக்கொள்ள வேண்டும். காணிக்கை எடுப்பதற்கு முன்னால் இது நடக்கும். பல சபைகளில் இப்போது தூரத்திலிருந்தே கும்பிட்டு முடித்துக்கொள்கிறார்கள், எங்கள் சபையில் இன்னும் கைதான்.

எங்கள் பெஞ்சில் எனக்கு இடது பக்கம் ஒரு பெரியவர், அவருக்கு அந்தப் பக்கம் அவன். அவனை நான் அப்போதுதான் பார்த்தேன். அவன் கை பெரியவர் கைக்குள் போனதையும், பெரியவர் திரும்பி என் கையைப் பிடித்ததையும் பார்த்தேன். பெரியவரின் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடு யாருடையது என்று தேவையில்லாமல் ஒரு நினைப்பு. கடத்திவிட்டுக் குனிந்துகொண்டேன். பந்திக்குப் போகும் வரிசையில் அவன் எனக்கு முன்னால் நடந்தான், ஷூவின் குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. கொடைக்கானல் படத்தில் ஷூ தெரியவில்லை.

அன்றைய பிரசங்கம் வேறு எதைப் பற்றியோ. நான் மத்தேயு 18-ஐத் திறந்து வைத்துக்கொண்டு கணக்கு போட்டேன். பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. அப்படியானால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் 2 லட்சம் வருஷம். ராஜா அதை விட்டுவிட்டார். அவன் வெளியே வந்து 100 வெள்ளிப்பணம் தரவேண்டியவனைத் தொண்டையை நெரித்துப் பிடிக்கிறான். இந்த இடத்தில் பிரசங்கிமார் எல்லாரும் அற்பத் தொகைக்காக என்று சொல்வார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வரும். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. இன்றைக்குக் கூலி 600 என்று வைத்தாலும் 60,000 ரூபாய் ஆகிறது. நாலு மாத உழைப்பு. அதை அற்பம் என்கிறவர் கடன் கொடுத்துப் பார்க்காதவர். என் 45,000 அந்தக் கதையில் எங்கே உட்காருகிறது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. கதை சின்னத் தொகையைப் பற்றியது என்றால் தப்பித்துக்கொள்ளலாம். நிஜமாகவே வலிக்கிற தொகையைச் சொல்லித்தான் அதை விடு என்கிறார் இயேசு.

கோயிலில் நாங்கள் குற்றம் என்று சொல்வது எவ்வளவு சௌகரியம் என்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. குற்றத்தை மனசுக்குள்ளேயே மன்னித்துவிடலாம், யாருக்கும் தெரியாது, கையிலிருந்து காலணா போகாது. கடனை அப்படி மன்னிக்க முடியாது. எங்கேயோ ஓர் எண்ணை அடித்தாக வேண்டும்.

ஆனால் இவன் எந்த வகை? இல்லாமல் கொடுக்காதவனா, இருந்து கொடுக்காதவனா? அப்பாவுக்கு ஊர் முழுக்கத் தெரியும், யார் வீட்டு அடுப்பு எரிகிறது என்று கடையிலிருந்தே சொல்லிவிடுவார். எனக்குத் தெரிந்ததெல்லாம் இருபத்துநாலு மணி நேரத்தில் மறைந்துவிடுகிற படங்கள். அவன் வீட்டுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது.

மனைவியிடம் சொன்னேன். "மன்னிச்சிட்டேன்னு போன் பண்ணிச் சொல்லிருங்களேன்" என்றாள். அது முடியாது. கடனை விட்டுவிட்டேன் என்று ஒருவனிடம் சொல்வது, அவன் கடனாளி என்று இன்னொரு தடவை சொல்வதுதான். அப்பா ஏன் யாரிடமும் வாய் திறக்கவில்லை, ஏன் கருப்பட்டியை என் கையில் கொடுத்துவிட்டார் என்பதெல்லாம் இவ்வளவு வயசான பிறகு புரிகிறது. சென்னையில் கருப்பட்டிப் பொட்டலம் எதற்குச் சமம் என்று யோசித்துக்கொண்டே நவம்பர் போனது.

டிசம்பர் முதல் வாரம், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸுக்கு ஆள் சேர்த்தார்கள். பேஸ் பாட ஒரே ஒருவர், அவருக்கும் தொண்டை சரியில்லை. நான் அவனுக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்ததும் என்னைப் பேசவிடவில்லை.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்கண்ணே, பொங்கல் போனஸ் வந்ததும் பாதியாவது..."

"அதுக்குக் கூப்பிடலப்பா" என்றேன். "பேஸுக்கு ஆள் இல்ல. சனிக்கிழமை ராத்திரி ரவுண்ட்ஸ். வர்றியா?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. "கேட்டுட்டுச் சொல்றேண்ணே" என்று வைத்துவிட்டான். யாரைக் கேட்கவேண்டும் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை வேன் கிளம்புகிற நேரத்துக்கு வந்தான். மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். 2019-இல் அந்தப் பிரசவத்தில் பிறந்தவள், தலையில் சிவப்புக் குல்லா. வேனில் அவன் டிரைவர் பக்கம் உட்கார்ந்துகொண்டான், நான் கடைசி சீட்டில். பதினாலு வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவன் ஒரு கோடியில், நான் மறுகோடியில். பேஸ் மட்டும் சரியாக வந்து விழுந்துகொண்டிருந்தது. விடியற்காலை மூன்று மணிக்குக் கடைசி வீட்டில் கேக்கும் காபியும் கொடுத்தார்கள். குழந்தை என் பக்கத்தில் வந்து தூங்கி விழுந்தது. தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். அவன் வந்து வாங்கிக்கொண்டபோது "தேங்க்ஸ்ணே" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

டிசம்பர் 31 ராத்திரி, ஆராதனைக்குக் கிளம்புமுன் போனில் அந்த நோட்ஸைத் திறந்தேன். 45,000 அப்படியே இருந்தது. விரலை அதன் மேல் வைத்தேன். அழிக்கவா என்று கேட்டது. கீழே கார் ஹாரன் அடித்தார்கள். நேரமாகிவிட்டது என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். இந்த ஞாயிறு எந்த ஆராதனைக்குப் போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.